சந்தேகம் அண்ணனும் படிக்கட்டுக் கதவும்

எங்கள் தெருவில் அவரைப் பெயிண்டர் என்று யாரும் சொல்வதில்லை. சந்தேகம் அண்ணன், அவ்வளவுதான். காலியான வீடுகளுக்கு வர்ணம் அடிப்பது அவர் தொழில். முப்பது வருடமாகக் கதவுகளைச் சுரண்டியதில், எந்தக் கீறல் நாயுடையது, எது பூனையுடையது, எது பீரோவை இழுத்துவிட்டுப் பூனைமேல் பழி போட்ட மனிதருடையது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவருடைய முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி இங்க யாரு குடியிருந்தாங்க?" என்பதுதான். அதற்காகவே அவருக்கு அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

வளர்ப்புப் பிராணி செய்த சேதத்துக்காகச் சொந்தக்காரரும் குடியிருப்பவரும் மல்லுக்கு நின்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இருவரும் நண்பர்கள் என்றால் தலையில் அடித்துக்கொள்வார். "நமக்குள்ள எதுக்கு எழுத்தெல்லாம்னு விட்டிருப்பீங்களே! குடிவந்தப்ப எடுத்த போட்டோ ஒண்ணாவது இருக்கா?" என்பார். இருக்காது.

எங்களிடமும் இல்லை. மாடியில் குடியிருந்தவள் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். அவளையா நான் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டுவேன்? ஆனால் குழாய் பார்க்க வெளிப்படி வழியாக மாடிக்குப் போன அன்று எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே, உள்படிக்கட்டின் அடியில் ஒரு கதவு உண்டு. எப்போதும் பூட்டியே இருக்கும். அதை அவள் பக்கத்தில் அவளுடைய நாய் குண்டன் பிராண்டி நாராக்கி வைத்திருந்தது.

"பகல் பூரா பூட்டி வச்சிட்டு வேலைக்குப் போயிடற. அது என்னடி பண்ணும்?" என்றேன்.

"வேற ஆளுக்கு விடணும்னா நேரா சொல்லு. நாய ஏன் இழுக்கற?" என்றாள். மறுநாளே மாடியிலிருந்து அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் சத்தம். ஞாயிற்றுக்கிழமை காலி செய்கிறாளாம். நாற்பது வருடப் பழக்கம், ஒரு கதவில் முடியப் போகிறது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை.

இதில் என் கணவர் வேறு. "கதவுதானே, விடேன்" என்று மூன்று முறை சொல்லிவிட்டார். சட்டையில் பொத்தான் அறுந்தால்கூட ஊரைக் கூட்டும் மனிதர், நாய்க்கு எதற்கு வக்காலத்து வாங்குகிறார்?

சனிக்கிழமை நான் கூப்பிட்டுச் சந்தேகம் அண்ணன் வந்தார். தகராறு வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவள்தான் முதல் குடித்தனம் என்றதும் ஏனோ முகம் வாடியது. என்னையும் அவளையும் அவள் பக்கத்து உள்படியில் உட்காரவைத்துவிட்டு, கீறலின் அச்சை எடுக்கக் கதவின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். மேலே போய் மாடி வாசல் கதவையும் பார்த்து வந்தார். அவள் முன்கூட்டியே இவரைச் சரிக்கட்டியிருப்பாளோ என்றுகூட நினைத்தேன்.

"பயந்துபோய் வெளிய ஓடப் பார்க்கிற நாய் வாசக் கதவத்தான் பிராண்டும். அது புதுசு மாதிரி இருக்கு. இங்க பாருங்க, கீழ் மூலையில மட்டும்தான். எதையோ தோண்டி எடுக்கப் பார்த்திருக்கு." பட்டி பார்க்கும் தகட்டைக் கதவின் அடியில் விட்டு இழுத்தார். தூளாக ஏதோ வந்தது. முகர்ந்தார். "க்ரீம் பிஸ்கட். மத்தியானத்துல கீழ்வீட்ல யாரும்மா இருப்பாங்க?"

நான் வேலைக்குப் போய்விடுவேன். இருப்பது ஒரே ஒருவர்தான். சர்க்கரை முந்நூறைத் தொட்டதால், வீட்டுக்குள் பிஸ்கட்டே நுழையக்கூடாது என்று நான் சட்டம் போட்டு வைத்திருக்கும் ஒருவர். அவர் எங்களுக்குப் பின்னால் மேல்படியில் நின்று செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு ஒண்ணு... எனக்கு ஒண்ணு..." என்றார்.

அடப்பாவி மனுஷா!

நான் அவள் பக்கம் திரும்பினேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "உனக்குத் தெரியுமா?"

"காய்ச்சல்னு ஒருநாள் பாதியில வந்தேன். கதவுக்கு அடியில ரெண்டு விரல் பிஸ்கட்ட தள்ளுது. அப்பவே சத்தம் போட்டேன். இனிமே தொடமாட்டேன், அவகிட்ட மட்டும் சொல்லாதேன்னு உன் வீட்டுக்காரரு கையெடுத்துக் கும்பிட்டாரு."

"இப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே! வீட்டையே காலி பண்றியே!"

"சொன்னா உங்க ரெண்டு பேருக்கும் சண்டை. சொல்லலன்னா எனக்கு வீடு மட்டும்தானே போகும்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

அவமானத்தோடு நான் வெளிப்படி வழியாக எங்கள் வாசலுக்கு இறங்கினேன்; ஆண்கள் இருவரும் பின்னாலேயே வந்தார்கள். சந்தேகம் அண்ணன் தகட்டைத் துடைத்துப் பையில் போட்டார். பணம் வாங்கவில்லை.

"எங்க பின்கட்டுல என் கூட்டாளி குடியிருந்தான்மா. ஜன்னல் வலைய அவன் பூனை கிழிச்சிருச்சுன்னு போகச் சொன்னேன். ஆறு மாசம் கழிச்சு அங்க பெயிண்ட் அடிக்கிறப்ப பார்க்கிறேன், எலி வேலை. அதுக்குள்ள நம்பர மாத்திட்டான், ஊர்ல காணோம்." செருப்பை மாட்டிக்கொண்டார். "எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்டுப் பார்க்கிறேன். இன்னிவரைக்கும் அவன் பேர யாரும் சொல்லல."

நாங்கள் எல்லாரும் அந்தக் கேள்வியைச் சந்தேகம் என்றுதான் நினைத்திருந்தோம்.

மாடியில் மறுபடி டேப் கிழியும் சத்தம் கேட்டது. படிக்கட்டுக் கதவின் சாவி எங்கே இருக்கிறது என்று கணவரிடம் கத்தினேன். சட்டைப்பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். அதை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்து, கத்தரிக்கோலோடு மேலே ஓடினேன்.