கசக்காத மாத்திரை

பிஸ்கட் கம்பெனியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேனேஜரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் ‘நாக்கு அக்கா’தான்.

ருசி பார்ப்பதே அவளுக்கு வேலை. தடுப்புப் பலகைகளுக்கு நடுவே ஆளுக்கொரு நாற்காலி. பிஸ்கட்டின் நிறம் கண்ணை ஏமாற்றக் கூடாதென்று தலைக்கு மேலே சிவப்பு விளக்கு. எதிரே உள்ள சின்னக் கதவு திறந்து ஒரு தட்டு வரும். தட்டில் நம்பர் மட்டும் இருக்கும். எது பழைய மாவு, எது புது மாவு என்று தட்டைத் தள்ளுகிறவருக்கும் தெரியாது. ஒன்றைக் கடித்து, சீட்டில் மார்க் போட்டு, தண்ணீரால் வாயைக் கொப்பளித்து, அடுத்ததைக் கடிக்க வேண்டும். சென்ட் பூசிக்கொண்டு வரக் கூடாது, வாய் திறந்து பேசவும் கூடாது.

ஒருநாள் புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி தன்னை மறந்து, “ஆகா!” என்று சொல்லிவிட்டாள். சூப்பர்வைசர் அன்றைய மார்க் சீட்டையெல்லாம் கிழித்துப் போட்டார்.

“உன் நாக்கு ருசியை எல்லார் வாயிலயும் ஊட்டிட்டியேம்மா! இனி அவங்க சொல்றது அவங்க சொன்னதா, நீ சொன்னதா?”

அந்த வார்த்தை நாக்கு அக்காவின் மனதில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது. பின்னொரு நாள் அதுவே தன்னை அறுக்கும் என்று அவள் கண்டாளா?

அவள் கணவர் டவுன் பஸ் டிரைவர். ஊரில் பாதிப் பேரை வேலைக்கும் மீதிப் பேரை வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த மனுஷன். சர்க்கரை வியாதி பாத நரம்பில் இறங்கிய பிறகு எல்லாம் போயிற்று. பிரேக்கை மிதித்தால் தணலை மிதித்த மாதிரி இருந்தது. வேலை போனது. போர்வை நுனி பட்டாலும் துடித்துப் போவார். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை வலியோடு சேர்த்து ஆளையும் மயக்கிப் போட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற பஸ்ஸின் எஞ்சின் சத்தத்தை வைத்து, “இவன் கியரைக் கொல்றான்” என்று முணுமுணுப்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த வாழ்க்கை.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் ஒரு புது மாத்திரையைப் பற்றி ஆராய்ச்சி ஆரம்பித்தார்கள். டாக்டரம்மா எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற தனக்கும் தெரியாது. வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

“ஏம்மா, எல்லாருக்கும் நிஜத்தையே குடுத்தா என்ன கொறஞ்சு போச்சு?” என்று கேட்டார் அவர்.

“குடுத்தா, கொஞ்ச பேர் வலி கொறஞ்சிருக்குன்னு சொல்வாங்க ஐயா. அது மருந்தாலயா, நாங்க அக்கறையா பார்த்துக்கிட்டதாலயா, தானா கொறஞ்சதான்னு எப்படிப் பிரிக்கறது? பக்கத்துல வெறும் மாத்திரை இருந்தாத்தானே வித்தியாசம் தெரியும்?”

அவர் கையெழுத்துப் போட்டார். அவருடைய சிநேகிதர் தையல்காரரும் போட்டார். அவருக்கும் அதே வியாதி, அதே வலி.

சில வாரங்களில் வீட்டில் அதிசயம் நடந்தது. கணவர் காலைத் தரையில் ஊன்றினார். பிறகு வாசல் வரை, பிறகு தெருமுனை பெஞ்சு வரை நடந்தார். அவர் முதல் தடவை செருப்புப் போட்ட அன்று நாக்கு அக்கா சமையலறைக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“எனக்கு நிஜம்தான் விழுந்திருக்கு!” என்று அவர் மார்தட்டினார்.

“எனக்கு டம்மி போல இருக்கு தங்கச்சி” என்றார் தையல்காரர். “மிஷினை மிதிக்கவே முடியல. உன் வீட்டுக்காரன் அதிர்ஷ்டக்காரன். கல்யாணத்துலயே தெரிஞ்சுபோச்சே!”

“அண்ணே, அந்தக் குலுக்கல்ல ஏமாந்தது நான்தான்” என்றாள் அவள். மூவரும் சிரித்தார்கள். அவர்கள் அப்படிச் சிரித்து எத்தனையோ காலமாயிற்று.

அன்று தையல்காரர் தன் மாத்திரை பாட்டிலை மறந்து வைத்துவிட்டுப் போனார். மேஜையில் இரண்டு பாட்டில்கள். ஒரே வெள்ளை, ஒரே அளவு, வெளியே நம்பர் மட்டும்.

வேறொருத்தியாக இருந்தால் எடுத்து ஓரமாக வைத்திருப்பாள். ஆயுசில் பாதியை நம்பர் போட்ட தட்டுகளோடு கழித்தவளுக்குக் கை சும்மா இருக்குமா? யோசிப்பதற்குள் தையல்காரர் மாத்திரையை நுனிப்பல்லால் கடித்துவிட்டாள். மேலே மெல்லிய இனிப்பு. அதைத் தாண்டியதும் நாக்கின் அடிவேரில் மருந்துக் கசப்பு. தண்ணீரால் கொப்பளித்தாள். கணவருடையதைக் கடித்தாள். இனிப்பு. அதற்கப்புறம் மாவு. மாவைத் தவிர ஒன்றுமில்லை.

தெருவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. நடந்து வருகிறார்! எதை நம்பி நடக்கிறார்? இரண்டு பாட்டிலையும் அவசரமாக மூடினாள்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

“டாக்டரம்மா, மாத்திரையை வாயில வச்சுப் பார்த்துட்டேன். என் வீட்டுக்காரருது...”

“சொல்லாதீங்க!” டாக்டரம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். “வலி எவ்வளவுன்னு அவர்கிட்ட கேட்டு எழுதறது நான். தெரிஞ்சுட்டா, கேக்கற குரலே மாறிடும். வீட்டுல ருசி பார்த்துட்டாங்கன்னு மட்டும் பதிவு பண்றேன். எதுன்னு எனக்கு வேண்டாம்.”

“அவருக்காவது சொல்லட்டுமா?”

டாக்டரம்மா மெல்ல உட்கார்ந்தாள். “சொல்லாம இருந்தாத்தான் ஆராய்ச்சிக்கு நல்லது. ஆனா உங்க வாயை நான் கட்ட முடியாது. விலகணும்னா அவர் எப்ப வேணாலும் விலகலாம்மா, காரணம்கூடக் கேக்க மாட்டோம்.”

வீட்டுக்கு வந்து, சாப்பாடு போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

“என்னங்க, பிடிக்கலைன்னா ஆராய்ச்சியை விட்டுடலாமாம். பழைய மாத்திரைக்கே போயிடலாமா?”

அவர் கை தட்டிலேயே நின்றது. “இப்பத்தான்டி காலைக் கீழ வைக்கறேன். அதையும் பிடுங்கப் பாக்கறியா?”

அதற்குமேல் அவள் வாய் திறக்கவில்லை. சொன்னால் அந்த நடை நின்றுவிடும். சொல்லாவிட்டால், கட்டின புருஷனுக்கே துரோகம். தினமும் சாயங்காலம் அவர் முன்னே நடக்க, அவள் பின்னே போனாள். கம்பெனியில் முகத்தை மறைக்கத் தடுப்புப் பலகை உண்டு. வீட்டில் ஏது? அவர் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகினாள்.

ஆராய்ச்சி முடிந்து, யாருக்கு எது என்ற ரகசிய நம்பரைத் திறந்தார்கள். மருந்து வாங்கியவர்களில் நிறையப் பேருக்கு வலி நன்றாகவே குறைந்திருந்தது. வெறும் மாத்திரைக்காரர்களிலும் சிலருக்குக் கொஞ்சம் குறைந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் மருந்தின் உண்மையான வேலை என்றாள் டாக்டரம்மா. மருந்து எல்லாரிடமும் ஒரே மாதிரி வேலை செய்யாது என்றும் சொன்னாள்.

“எனக்கா நிஜம்?” என்று தையல்காரர் பரிதாபமாக விழித்தார்.

தன்னுடையது வெறும் மாத்திரை என்று கேட்டும் அவள் திகைக்காததைக் கணவர் கவனித்திருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது, டிரைவரின் முதுகையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“நான் மார்தட்டிட்டு நடக்கறப்ப, பின்னாடி வந்து சிரிச்சியா?”

“அழுதேங்க.”

மறுநாள் காலை அவரால் பாதத்தைத் தரையில் வைக்க முடியவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

“அப்ப என் வலி பொய்யா?”

அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். தொட்டால் துடிக்கும் அந்தப் பாதத்தைத் தொடாமல், அதன் பக்கத்தில் கையை வைத்தாள்.

“வலி நிஜம். கொறஞ்சதும் நிஜம். ரெண்டையும் நான் கண்ணால பார்த்தேன். மாத்திரைதான் மாவு. நீங்க இல்ல.”

வெறும் மாத்திரை வாங்கியவர்களுக்கும் ஆஸ்பத்திரியில் நிஜ மருந்தைக் கொடுத்தார்கள். அந்தப் பாட்டில் பல நாள் திறக்காமலே மேஜையில் கிடந்தது. வெளியே பஸ்கள் போயின. எந்த டிரைவரையும் அவர் திட்டவில்லை. அவளோடும் பேசவில்லை.

ஒருநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது, சுவரைப் பார்த்தபடியே குரல் கொடுத்தார்.

“ஏய், இங்க வா. அதுல ஒண்ணை எடுத்துக் கடி.”

அவள் கடித்தாள். மெல்லிய இனிப்பு. பிறகு நாக்கின் அடிவேர்.

“என்ன சொல்லுது உன் நாக்கு?”

“கசக்குதுங்க” என்றாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அவர் மெல்லப் புரண்டு அவள் முகத்தையே பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

“மீதியைக் குடு.”