எஸ்கேப் கீயில் வைத்த சந்தனம்

ஆயுத பூஜை என்றாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். சாமி மேல் ஒரு கோபமும் இல்லை. பொரிகடலை, அவல், சுண்டல் எல்லாம் இரண்டு கையாலும் வாங்கித் தின்பேன். அந்தச் சந்தனக் கிண்ணத்தைக் கண்டால்தான் ஆகாது.

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் புரோகிராமராக இருந்தேன். நூல் நூற்கிற எந்த ஃப்ரேம் எவ்வளவு ஓடியது, எது எதனால் நின்றது என்று ஷிப்டுக்கு ஷிப்ட் கணக்குச் சொல்லும் புரோகிராம்களை எழுதுவது வேலை. கம்ப்யூட்டர் ரூம் என்று எங்களுக்குக் கொடுத்தது, அதற்கு முன்பு காலிப் பெட்டிகள் அடுக்கி வைத்திருந்த அறை. கதவைச் சாத்தினாலும் பஞ்சுத் தூசி உள்ளே வந்துவிடும். டீயில் மிதக்கும், பிரிண்டரில் சுற்றிக்கொள்ளும், மூக்கில் ஏறும்.

அந்தத் தூசியிலிருந்து வெளியே போக எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. மதராஸில் ஒரு கம்பெனி வருஷா வருஷம் தேர்வு வைத்து ஆள் எடுத்தது. கம்ப்யூட்டரில் உட்கார வைத்து புரோகிராம் எழுதச் சொல்வார்கள், ஓடினால் வேலை. அதற்கு ஒரு வயது வரம்பு இருந்தது. எனக்கு இன்னும் ஒரே ஒரு தேர்வுக்குத்தான் வயசு பாக்கி. இதை மில்லில் யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வேலை நேரம் முழுவதும், அந்தத் தேர்விலும் கொடுக்கிற வி.ஐ. என்ற எடிட்டரில் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு கொடுத்த சி.டி.யில் லினக்ஸும் அதனுடன் இந்த எடிட்டரும் இலவசமாக வந்தன. அதில் மெனு கிடையாது, படம் கிடையாது, உதவிக்கு ஒரு வரிகூடக் கிடையாது. அதற்கு இரண்டு நிலை. ஒன்றில் நாம் அடிப்பது எழுத்தாக விழும். மற்றதில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை: வரியை அழி, மேலே போ, சேமி. எழுதுகிற நிலையிலிருந்து கட்டளை நிலைக்கு வர, கீபோர்டின் இடது மேல் மூலையில் இருக்கிற எஸ்கேப் கீயை அழுத்த வேண்டும். அது இல்லாவிட்டால் எழுதிக்கொண்டே இருக்கலாம், வேறு ஒன்றும் செய்ய முடியாது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மில்லில் எல்லா மெஷினையும் நிறுத்தி, ஏர் குழாயைப் பிடித்துத் தூசியை ஊதினார்கள். மில் வழக்கம் அது. ஃபிட்டர் அண்ணாச்சி எங்கள் அறைக்கும் குழாயோடு வந்திருக்கிறார். நான் அப்போது சாப்பிடப் போயிருந்தேன். பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மெஷினுக்கு அடிக்கிற காற்றைக் கீபோர்டுக்கு அடித்தால் என்ன ஆகும்? மூலையிலிருந்த எஸ்கேப் கீயின் மூடி பறந்து பீரோவுக்கு அடியில் போயிருக்கிறது. அவர் அதைத் தேடி எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மறுநாள் பூஜைக்கு வந்தபோது, மூடியில்லாத அந்தக் குழியிலேயே தாராளமாகச் சந்தனத்தை அப்பி, அதன் மேல் மூடியை மாட்டி, மூடிக்கு மேல் இன்னொரு பொட்டும் குங்குமமும் வைத்தார். சந்தனம் உள்ளே காய்ந்து சிமெண்டாகிவிட்டது.

"ஏன் அண்ணாச்சி, இம்புட்டு கீ இருக்கையில அந்தக் கீயிலயா வைக்கணும்?" என்று கேட்டேன்.

"எழுத ஆரம்பிக்கிற மூலைல்லா தம்பி அது? அங்கதான வைக்கணும்" என்றார். மனுஷன் முகத்தில் அவ்வளவு பக்தி.

புதுக் கீபோர்டு கேட்டு மேனேஜரிடம் போனேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் மட்டும் ஆபீசுக்கும் அதைக் கொண்டுவருவார். அன்றைக்குக் கோபம் இல்லை, சிரித்தார். "ஏம்ப்பா, ஒரு ஃப்ரேம்ல நூத்துக்கணக்கான ஸ்பிண்டில்ல ஒண்ணு நின்னு போச்சுன்னா ஃப்ரேமையே மாத்துவமா? மத்ததெல்லாம் ஓடுதுல்ல?" அவரிடம் போய் இரண்டு நிலை, கட்டளை நிலை என்றெல்லாம் விளக்கிப் பார்த்தேன். "அப்ப அந்த நெலைக்குப் போகாம வேலை பாரு" என்றார். அடுத்த மாதம் கேட்டேன், அதற்கடுத்த மாதமும் கேட்டேன். ஸ்பிண்டில் உதாரணம் மட்டும் மாறவே இல்லை.

நானே ஒன்று வாங்கியிருக்கலாம்தான். ஆனால் மில் சாமானுக்கு நான் ஏன் வாங்க வேண்டும்? அந்த வீம்பு எனக்கு உண்டு, இன்றைக்கும் உண்டு. அதனால் எடிட்டரையே வளைத்தேன். அதற்கென்று ஒரு செட்டிங் ஃபைல் இருக்கிறது. எந்தக் கீ எந்த வேலை செய்ய வேண்டும் என்று அதில் எழுதி வைத்தால் அப்படியே கேட்கும். எந்தப் புரோகிராமிலும் ஜே எழுத்து அடுத்தடுத்து இரண்டு வராது. ஆகவே ஜே இரண்டு தடவை அடித்தால் எஸ்கேப் என்று எழுதினேன். வேலை செய்தது. அந்த நிமிஷம் நான் மேனேஜரையும் ஃபிட்டரையும் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். பிறகு ஆசை விடுமா? ஒரு கீயைத் தட்டினால் ரிப்போர்ட் தலைப்பு முழுதும் விழும், இன்னொன்றுக்கு லூப் எழுதிக்கொள்ளும், இன்னொன்றுக்குச் சேமித்து கம்பைல் பண்ணி பிரிண்டருக்கே அனுப்பிவிடும். செட்டிங் ஃபைல் நான் எழுதிய புரோகிராம்களைவிட நீளமாகிவிட்டது.

அப்போதுதான் எங்கள் அறைக்கு ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அறையில் இருந்தது ஒரே மெஷின், மாறி மாறித்தான் உட்கார வேண்டும். முதல் நாள் அதில் உட்கார்ந்து நாலு வரி அடித்தாள். எதையோ தொட, பிரிண்டர் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. பயந்து எழுந்துவிட்டாள்.

"என்ன சார் இது, தொட்டதுக்கெல்லாம் எதோ ஒண்ணு நடக்குது?"

பெருமையாக என் செட்டிங் ஃபைலைத் திறந்து வரிவரியாகக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு வெறும் எடிட்டர் போதும் சார்" என்றாள்.

மறுநாள் வயர்க் கூடையில் டிபன் கேரியரோடு ஒரு பழைய கீபோர்டும் வந்தது. சொந்தமாக வாங்கியிருந்தாள். தன் முறை வந்ததும் மில் கீபோர்டைக் கழற்றிவிட்டு அதை மாட்டுவாள், முடிந்ததும் கழற்றுவாள், சாயங்காலம் கூடையில் வைத்துக்கொண்டு போவாள். இங்கே வைத்துவிட்டுப் போனால் ஏர் குழாய் வந்துவிடுமாம். பஸ்ஸில் கண்டக்டர், "என்ன தாயி, பஜனைக்கா போற, ஆர்மோனியமா?" என்று கேட்டதாகச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கூடையைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ என்னைக் குத்திக்காட்டுவது மாதிரி இருந்தது. தனக்கென்று தனி லாகின் வைத்துக்கொண்டு, சி.டி.யில் வந்த எடிட்டரை ஒரு வரி மாற்றாமல் அப்படியே உபயோகித்தாள். நான் ஒரே தட்டில் முடிப்பதை அவள் முழுதாக அடிப்பாள். மெதுவாகத்தான் அடிப்பாள்.

"எல்லாத்தையும் கையாலயே அடிக்கிறீங்களே, எரிச்சலா இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இருக்கு சார். ஆனா நாளைக்கு எனக்குக் கல்யாணம் பண்ணி எந்த ஊருக்கு அனுப்புவாங்களோ. அங்க போயி எந்த மிஷின் முன்னால உக்காருவேனோ. உங்க ஃபைலைக் கூடயே தூக்கிட்டுப் போக முடியுமா?"

"ஃபிளாப்பில போட்டுத் தூக்கிட்டுப் போகலாம்" என்றேன் நான். அப்படியேதான் செய்தேன். தேர்வுக்கு மதராஸ் போனபோது செட்டிங் ஃபைலை ஒரு ஃபிளாப்பியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பஸ்ஸில் ராத்திரி முழுக்க அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

தேர்வு நடக்கிற ஹால் வாசலில் ஒருவர் அட்டைப் பெட்டியோடு நின்றார். வைரஸ் வந்துவிடுமாம். ஃபிளாப்பி எல்லாவற்றையும் வாங்கிப் பெட்டியில் போட்டார். கெஞ்சிப் பார்த்தேன். "அதுல என்ன இருக்கு?" என்றார். என்னவென்று சொல்வது? என் கைகள் இருக்கின்றன என்றா? "ஒண்ணுமில்ல சார்" என்று கொடுத்துவிட்டேன்.

புத்தம் புதுக் கீபோர்டு. இடது மேல் மூலையில் எஸ்கேப் கீ சுத்தமாக, சந்தனம் படாமல், தொட்டால் போதும் என்பதுபோல் இருந்தது. கேள்வி சுலபம். மில்லில் அதைவிடக் கஷ்டமான புரோகிராமை டீ குடித்துக்கொண்டே எழுதியிருக்கிறேன். முதல் வரி அடித்தேன், ஜே ஜே. திரையில் அப்படியே விழுந்தது. அழித்தேன். எஸ்கேப்பை அழுத்தினேன். அடுத்த வரி, மறுபடி ஜே ஜே. என்னை நானே திட்டிக்கொண்டு மெதுவாக அடிக்கப் பார்த்தேன். மெதுவாக அடித்தால் யோசனை நின்றுபோனது. யோசித்தால் விரல் தன் பாட்டுக்கு ஓடியது. அவசரத்தில் எழுதுகிற நிலையிலா கட்டளை நிலையிலா என்பதே மறந்து, நல்ல வரிகளையும் அழித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் முடித்துவிட்டு எழுந்து போனார்கள். அந்த ஜே ஜே வரியை அங்கேயே செட்டிங்கில் எழுதியிருக்கலாம் என்று எனக்குப் பிறகுதான் தோன்றியது.

நேரம் முடிந்ததும் மேற்பார்வைக்காரர் என் பின்னால் வந்து நின்றார். திரையைக் குனிந்து பார்த்தார்.

"இந்த ஜேஜே என்னங்க, வேரியபிளா? எங்கயும் டிக்ளேர் பண்ணலையே?"

"இல்ல சார்" என்றேன். அதற்கு மேல் அந்த மில்லையும் ஃபிட்டரையும் சந்தனத்தையும் அவருக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்ல? கம்பைல் பண்ணிப் பார்த்தார், ஓடவில்லை. ஃபிளாப்பியைத் திருப்பி வாங்கிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் வெளியே வந்தேன்.

திரும்பி வந்து நேராக மில்லுக்குத்தான் போனேன். "என்னாச்சு சார்?" என்று அவள் கேட்டாள். "ஒங்க வேலையப் பாருங்க" என்று கத்தினேன். அவள் கீபோர்டைக் கூடையிலிருந்து எடுத்து மாட்டினாள். அடுத்த வருஷம் அவளே அந்தத் தேர்வு எழுதினாள். வெறும் கையோடு போய், வேலையோடு வந்தாள். கடைசி நாள் கூடையிலிருந்து கீபோர்டை எடுத்து என் மேஜையில் வைத்தாள்.

"அங்க நல்லதாக் குடுப்பாங்க சார். இது ஒங்களுக்கு இருக்கட்டும். எஸ்கேப் நல்லா வேலை செய்யும்."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். "சரி, போயிட்டு வாங்க" என்றுதான் சொல்ல வந்தது. அவள் போன பிறகு அதை மாட்டி, செட்டிங் ஃபைலைத் திறந்து எல்லா வரிகளையும் அழித்தேன். எஸ்கேப் வேலை செய்தது. என் விரல்தான் அந்தப் பக்கமே போகவில்லை. எழுதிய புரோகிராமில் எல்லாம் ஜே ஜே, ஜே ஜே. மாதக்கணக்கில் முயன்றும் போகவில்லை. இனிமேல் எந்தத் தேர்வுக்கும் எனக்கு வயசு இல்லை என்பது தெரிந்தும், அந்தப் பழக்கத்தை விட்டே தீர வேண்டும் என்று ஒரு வெறி.

மறுபடி ஆயுத பூஜை வந்தது. ஏர் குழாயோடு அண்ணாச்சி வந்தபோது கீபோர்டைத் தூக்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, நின்று, என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, அந்தத் தடவை மாதிரி கோவிச்சுக்கிடாதிய. எங்க வைக்கன்னு நீங்களே சொல்லுங்க."

கீபோர்டைப் பீரோவிலிருந்து எடுத்து, ஜே கீயின் மூடியை நகத்தால் நெம்பிக் கழற்றினேன். "இந்தக் குழியில வைங்க அண்ணாச்சி. நல்லாவே வைங்க."

அவர் விரல் நிறையச் சந்தனத்தை எடுத்து அப்பி, மூடியை மாட்டி, மேலே குங்குமமும் வைத்தார்.

விடுமுறை முடிந்து வந்து புரோகிராம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி முடிந்தது. திரையில் ஜே விழவில்லை. விரல் மட்டும் இரண்டு தடவை போய் அந்தக் குங்குமத்தைத் தொட்டுவிட்டு வந்தது.