மத்லேன் அக்காவின் நன்றி அட்டைகள்

செய்தி வந்தபோது நான் நீதிமன்ற வளாகத்து கேண்டீனில் காபிக்காக நின்றுகொண்டிருந்தேன். ரெட்டியார்பாளையத்திலிருந்து மத்லேன் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் பேசினார். "அக்கா காலைல எழுந்திரிக்கல மேடம். டாக்டர் வந்து பாத்துட்டாரு. எதனா ஆனா முதல்ல உங்களுக்குச் சொல்லணும்னு ஃபிரிட்ஜ் மேல எழுதி ஒட்டி வச்சிருக்காங்க." பிரான்சில் இருக்கும் மகனுக்கு முன்னால் வக்கீலுக்குச் சொல்ல வேண்டுமாம். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவருடைய மேல்முறையீடு எத்தனையோ தடவை தள்ளிப்போய், அடுத்த மாதம்தான் விசாரணைக்கு வர இருந்தது.

அவரை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்பதால் அவர் நல்லவர், அமைதியானவர் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அமைதியானவர் என்று இரங்கல் கூட்டத்தில் ஒருவர் பேசியபோது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தட்டாஞ்சாவடியில் ஒரு மருந்து பாட்டில் கம்பெனியில் இருபது வருடம் வேலை பார்த்தவர் அவர். ஒவ்வொரு பாட்டிலாக விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, விரிசல் இருந்தால் ஒதுக்க வேண்டும். அந்தக் கண்ணோடுதான் என் அலுவலகத்துக்கு முதல் நாள் வந்தார். கையில் விமான டிக்கெட்டின் பின்பக்க நிபந்தனைகள், பூதக்கண்ணாடி வைத்துப் படித்து அடிக்கோடிட்டது. "இதுல எங்கயாவது காலு வீங்குனா சொல்லுங்கன்னு போட்டிருக்கா பாரும்மா. பெட்டி காணாமப் போனா என்னா பண்ணணும்னு ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கான். ஆளு போனா ஒண்ணும் இல்ல."

போன ஆள் அவருடைய கணவர் சவரிநாதன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். நம் ஊர் வழக்கில் சொல்தா. மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு இருவரும் ஊர் திரும்பினார்கள். வழியில் ஓர் ஊரில் விமானம் மாறினார்கள். இரண்டாவது விமானம் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே நின்றது. அவருக்கு ஜன்னலோர இருக்கை. கெண்டைக்கால் இழுக்கிறது, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று அவர் மூன்று முறை கேட்டிருக்கிறார். மூன்று முறையும் பணிப்பெண் உட்காரச் சொல்லியிருக்கிறார். ராணுவத்தில் இருந்தவர், உட்கார் என்றால் உட்கார்ந்துவிடுவார். மேலே பறக்கத் தொடங்கியதும் தூங்கச் சொல்லி விளக்கை அணைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் கால் வீங்கியது. அதற்கும் மறுநாள், குளித்துவிட்டு வந்தவர் மூச்சுத் திணறி அப்படியே சாய்ந்தார். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தார்கள்.

இது அலட்சியம் இல்லையா என்று யாரும் கேட்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டு, நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டேன். விமான நிறுவனத்துக்காக வந்த வக்கீல் அலட்சியம் நடந்ததா இல்லையா என்ற பேச்சுக்கே வரவில்லை. நாடு விட்டு நாடு பறக்கும் பயணத்துக்கென்று உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை இருக்கிறது, நம் நாடும் அதைச் சட்டமாக்கியிருக்கிறது, அந்தச் சட்டம் நிற்கும் இடத்தில் வேறு சட்டம் நிற்கக் கூடாது என்றார். அலட்சியம், சேவைக் குறைபாடு என்று ஊரில் நாம் கேட்கும் எதுவும் அங்கே செல்லாதாம். விபத்து என்று ஒன்று நடந்ததாகக் காட்டினால் மட்டும் கேட்கலாம். வெளியிலிருந்து, எதிர்பாராமல், வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால்தான் அது விபத்து. உட்கார்ந்த இடத்தில் ரத்தம் உறைந்தால் அது பயணியின் சொந்த உடம்பு.

அக்காவுக்கு இதை விளக்க எனக்கு ஒரு முழு மதியம் ஆனது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆட்டோக்காரன் தப்பு பண்ணா கேக்கலாம். டவுன் பஸ்காரன் பண்ணா கேக்கலாம். மேல போயிட்டா மட்டும் கேக்கக் கூடாதா? அங்க இருக்கறவன் மட்டும் என்னா, சம்மனசா?" தேவதூதரை அக்கா சம்மனசு என்றுதான் சொல்வார்.

அந்தச் சட்டத்துக்குள்ளேயும் எனக்கு ஒரு பிடி இருந்தது. உடம்பு முடியவில்லை என்று ஒருவர் மூன்று முறை சொல்லியும் எழவிடாமல் செய்தது வழக்கமான காரியம் அல்ல, அந்த மறுப்பே விபத்துதான் என்று வாதாடினேன். ஆணையத்தின் தலைவர் பேனாவை எடுத்து எழுதவும் ஆரம்பித்தார். அப்போதுதான் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு சிறிய அட்டையை எடுத்து நீட்டினார். கறுப்பு ஓரம் போட்ட அட்டை.

நம் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களில் சாவு விழுந்தால், துக்கம் கேட்டவர்கள் எல்லோருக்கும் நாற்பது நாளுக்குள் நன்றி அட்டை அனுப்ப வேண்டும். ஒருவரை விட்டாலும் மரியாதைக் குறைவு. சவரிநாதன் இறந்தது தெரிந்து, அந்த விமான நிறுவனம் மகனுக்கு ஓர் இரங்கல் கடிதம் அனுப்பியிருந்தது. அச்சடித்த கடிதம், பெயரை மட்டும் நிரப்பியிருந்தார்கள். அக்கா அதற்கும் பதில் அட்டை அனுப்பியிருக்கிறார், அழகான பிரெஞ்சில், சொந்தக் கையெழுத்தில். உங்கள் அனுதாபத்துக்கு நன்றி, உங்கள் பணியாளர்கள் அன்பாக நடந்துகொண்டார்கள், பயணத்தில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. வழக்குப் போடலாம் என்ற எண்ணமே அவருக்கு அப்போது கிடையாது.

எதிர்த்தரப்பு வக்கீல் அதைத் தமிழில் நிறுத்தி நிறுத்திப் படித்தார். வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் நடக்கவில்லை என்று மனைவியே எழுதிக் கொடுத்துவிட்டார், பிறகு என்ன விபத்து என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தலைவர், "உட்காருங்க மேடம்" என்றார். உட்கார்ந்துவிட்டேன். இருபத்தாறு வருடம் இந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டவள், துக்க வீட்டு மரியாதை என்றால் என்னவென்று ஒரு வாக்கியம் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். இதே ஊரில் பிறந்த நான் அந்த அட்டையைப் பற்றி அக்காவிடம் முன்கூட்டியே கேட்கவும் இல்லை. என் மேலும் எனக்குக் கோபம் உண்டு என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

தீர்ப்பில் ஒரு வரி எனக்கு மனப்பாடம். பயணிகளை எச்சரிக்கும் கடமை நிறுவனத்துக்கு இருந்ததா என்ற கேள்விக்குள் இந்த ஆணையம் போகத் தேவையில்லை. கடமை இல்லை என்று சொல்லியிருந்தால்கூடச் சண்டை போடலாம். கேள்வியே கிடையாது என்றால் எதோடு மோதுவது? அன்று என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்த அக்கா ராஜீவ் காந்தி சிலை தாண்டியதும் என் தோளைத் தட்டினார். பிறகு, "மரியாதைக்கு எழுதினதும்மா. செத்த வீட்டுக்காரி திட்டியா எழுதுவா?" என்றார். வீட்டு வாசலில் இறங்கியதும், "அப்பீல் போடு" என்றார்.

ஓய்வூதியம் வாங்கும் நம் ஊர்க்காரர்கள் ஆண்டுதோறும் உயிரோடு இருப்பதற்கு ஒரு சான்று காட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். சொல்தாவின் மனைவி என்பதால் அக்காவுக்கும் அந்தக் கடமை உண்டு. ஒருமுறை அந்தப் படிவத்தை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் உயிரோட இருக்கறத வருஷா வருஷம் காட்டணும். அந்த மனுஷன் எப்படிச் செத்தாருன்னு ஒரே ஒரு தடவ காட்ட உட மாட்டேங்கறாங்க." இந்த வருடச் சான்றிலும் கையெழுத்து வாங்கிவிட்டார். வாங்கி நான்காம் நாள் போய்விட்டார்.

கணவருக்காக அடித்த அட்டைகள் ஒரு பெட்டி மிச்சம் இருந்தன. தீர்ப்பு வந்த வாரம் அவற்றை எடுத்து மேசையில் போட்டு, கறுப்பு ஓரத்தைக் கத்தரியால் வெட்டி, அச்சு இல்லாத பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். தமிழில் மேலே, பிரெஞ்சில் கீழே. "இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடங்கள். தண்ணீர் குடியுங்கள். கால் வலித்தால் சத்தமாகச் சொல்லுங்கள். உட்காரச் சொன்னால் காரணம் கேளுங்கள்." யார் வீட்டில் யார் பிரான்சுக்குப் போகிறார்கள் என்று விசாரித்து, பெட்டி கட்டும் நாளில் போய் நிற்பார். பூசை முடிந்து வருகிறவர்களை மாதா கோயில் வாசலில் மடக்குவார். ஹைதராபாத் போக லாஸ்பேட்டை விமான நிலையத்துக்குக் கிளம்பிய என் தம்பிக்கும் ஒன்று கொடுத்தார். "ஒன்றரை மணி நேரம்தான் அக்கா" என்று அவன் சிரித்தான். "சிரிச்சுக்க. பாக்கெட்ல வை" என்றார். கிழவிக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று சிலர் பேசியதும் என் காதுக்கு வந்தது. பேசியவர்களில் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்களும் அட்டையை வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறினார்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் எதிர்த்தரப்பு வக்கீல் போன் செய்தார். வருத்தமாம். "வயசானவங்க, பாவம். மேடம், இத்தோட முடிச்சுக்கலாமே. கேட்கவும் ஆள் இல்ல" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். கேட்க ஆள் இருக்கிறது. மகன் பிரான்சுவா வந்திருந்தார். ஒன்பது மணி நேரப் பயணத்தில் ஐந்து முறை எழுந்து நடந்ததாகவும், ஒரு பணியாளர் முறைத்ததாகவும், சட்டைப்பையிலிருந்து அம்மாவின் அட்டையை எடுத்து அவரிடம் காட்டியதாகவும் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார். நானும் அப்போதுதான் அழுதேன். அம்மாவின் இடத்தில் தன்னைச் சேர்க்கும் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நன்றி அட்டை அடிக்கணுமா ஆன்ட்டி?" என்று கேட்டார். எல்லோருக்கும் அடிக்கலாம், ஒரே ஒரு விலாசத்துக்கு மட்டும் வேண்டாம் என்றேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஓர் அட்டை. அவர் கையால் எழுதியது. ஓரத்தில் கத்தரி கோணலாகப் போயிருக்கிறது. வழக்குக் கட்டில், எதிர்த்தரப்பு தாக்கல் செய்த நன்றி அட்டையின் நகலுக்கு மேலே அதை வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் மேல்முறையீடு வருகிறது. சட்டம் மாறிவிடவில்லை, தோற்கவும் தோற்கலாம். ஆனால் இந்த முறை என்னை உட்காரச் சொன்னால், காரணம் கேட்பேன்.