மாட்டுக் காதில் கிடைத்த பிரஷ்

மாட்டின் காதில் கத்தரிக்கோல் வைத்த முதல் எம்.ஏ. பட்டதாரி இந்த உலகத்திலேயே நான்தான். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். உலகத்தை விடுங்கள், எங்கள் சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸில் நான்தான்.

எல்லாம் பக்கத்து வீட்டு ஃப்ளோராவுக்காக. பத்தொன்பது வருஷம் விடியற்காலை ரயிலில் பெங்களூர் தையல் கம்பெனிக்குப் போய்வந்தவள். சர்ச்சுக்கு ஒரு போர்டு எழுதிக் கொடுத்தாள். எழுத்து அழகாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்ல, போன தை மாதம் வேலையை விட்டாள். இரண்டு கடை போர்டு வந்தது, அப்புறம் ஒன்றும் வரவில்லை. திங்கட்கிழமைக்குள் திரும்பி வந்தால் பழைய வேலை உண்டு என்று கம்பெனியிலிருந்து போன்.

அந்த வாரம்தான் ஆண்டர்சன்பேட்டை ஆட்டோ ஸ்டாண்டு துரை வந்தான்.

"ஃப்ளோராக்கா, ஆயுத பூஜை வருது. பச்சையும் மஞ்சளும் சேர்ற எடத்துல மெல்லிசா ஒரு செவப்புக் கோடு. சனிக்கிழமை என் வண்டிக்குப் போடுங்க. நல்லா வந்தா மத்த பதினாலு வண்டியும் உங்களுக்குத்தான். இல்லன்னா ஸ்டிக்கர் ஒட்டிக்கிறோம்."

மெல்லிய கோட்டுக்கு மெல்லிய பிரஷ்தானே? பங்காருபேட்டை பெயிண்ட் கடையில் இருந்ததிலேயே ஒல்லியானதை வாங்கிவந்தாள். ஒத்திகை என் பீரோவின் மேல். ஒரு சாண் போவதற்குள் பெயிண்ட் தீர்ந்துவிடும். மறுபடி தொட்டு வைத்தால் அந்த இடத்தில் ஒரு புடைப்பு. பீரோவுக்கு அம்மை போட்டிருந்தது.

"இன்னும் ஒல்லியா வேணுமோ, டீச்சரம்மா?"

"இதுக்கு மேல ஒல்லின்னா ஊசிதான்டி."

போனில் ஒரு வீடியோ: வெளிநாட்டுக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளுக்குக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். ஃப்ளோரா நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். "அவரு பிரஷ்ஷு ஒல்லியே இல்ல. முடிதான் நீளம். உடம்பு பூரா பெயிண்ட்டைக் குடிச்சிக்கிது, நுனி மட்டும் கோடு போடுது!" கீழே இருந்த இங்கிலீஷைப் படித்துச் சொன்னேன்: மாட்டுக் காது முடியிலும் பிரஷ் செய்வார்களாம். வரவழைக்க இருபது நாள். அன்று புதன்கிழமை.

பால்காரர் முனிரத்தினத்திடம் போனோம்.

"பாலு கேளுங்க, சாணி கேளுங்க. காது கேக்கறீங்களே, இது இன்னா நியாயம்?"

காது இல்லை, காதுமுடிதான் என்று புரியவைத்து, மாட்டை அவர் பிடித்துக்கொள்ள நான் வெட்டினேன். மாடு மிரளாமலிருக்க ஒன்பதாம் வாய்ப்பாடு சொன்னேன், அது கண்ணை மூடிக்கொண்டது. வகுப்பிலும் எனக்கு இதே பலன்தான்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஃப்ளோரா நூல் எடுக்க உள்ளே போனபோது முடிகள் மேலும் கீழுமாகக் கிடந்தன. வரிசை தப்பினால் எனக்குப் பொறுக்காது. நுனிகளைச் சமமாக நறுக்கி வைத்தேன்.

"ஐயோ டீச்சரம்மா! நுனிதானே கோடு போடறதே! இப்ப இது தொடப்பம்!"

நல்லவேளை, மாட்டுக்கு இன்னொரு காது இருந்தது. இந்தத் தடவை கத்தரிக்கோலை அவளே வைத்துக்கொண்டாள். நுனிகளை ஒன்றாகச் சேர்த்து, அடியில் நூல் சுற்றி, பழைய பிரஷ்ஷின் தகரத்துக்குள் பசை வைத்துச் செருகினாள். உள்ளங்கைக்குள் அடங்கும்படி பிடியைப் பாதியாக அறுத்தாள். அன்று ராத்திரிக்குள் பீரோவில் ஒரு கோடு, மேலிருந்து கீழே, நடுவில் மூச்சு வாங்காமல் இறங்கியது.

சனிக்கிழமை துரை வண்டி. சுண்டுவிரலை வண்டியின் தகரத்தின் மேல் ஊன்றி, பிரஷ்ஷைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். ஸ்டாண்டில் சவாரி கேட்டவர்களுக்குக்கூடப் பதில் சொல்ல ஆளில்லை. துரை குனிந்து, மூக்கு உரச ஒரு சுற்று வந்தான்.

"எங்க ஆரம்பிச்சீங்க, எங்க முடிச்சீங்க? தெரியலையே!"

அந்த நிமிஷமே பதினாலு ஆட்டோக்களும் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றன. திங்கட்கிழமை ரயில் ஃப்ளோரா இல்லாமலே பெங்களூர் போய்ச் சேர்ந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து இதை எட்டிப் படித்த ஃப்ளோரா சொல்கிறாள்: "எழுதறதுதான் எழுதறீங்க, சரியா எழுதுங்க. வந்தது ஒம்போது வண்டி. மீதி அஞ்சு பேரும் ஒரு மழை பெய்யட்டும், கோடு நிக்குதான்னு பாத்துட்டு வரோம்னாங்க."