சந்தனம் பூசிய பிளாப்பிகள்

அருப்புக்கோட்டை நூல் கடையின் கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏற்ற மதுரை ஆள் வேண்டாம், நானே செய்கிறேன் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

விண்டோஸ் இருந்த பிளாப்பி டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே வந்தேன். ஏழாவதில் கம்ப்யூட்டர் கரகரத்து நின்றுவிட்டது. பழையது அழிந்துவிட்டது, புதியது பாதிதான் ஏறியிருந்தது. அப்படியே விட்டுப்போனால் காலையில் கடையில் பில் போட முடியாது. எதிரே கடைசி திருச்சுழி பஸ் ஹாரன் அடித்தது. அதில் வீடு சேராவிட்டால் மறுநாளிலிருந்து வேலைக்கே போகக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை.

பிளாப்பியை உருவிப் பார்த்தேன். அதன் தகட்டு மூடியின் இடுக்கில் காய்ந்த சந்தனம்.

"ஆயுத பூசைக்குத் தராசுக்கு வச்சோம், கம்ப்யூட்டருக்கு வச்சோம். இது மட்டும் என்னம்மா பாவம் பண்ணுச்சு?" என்றார் கடைக் கணக்கர்.

"அண்ணாச்சி, இதுக்கு உள்ளதான எல்லாமே இருக்கு."

"அதான் உள்ளயும் கொஞ்சம் தடவுனேன்."

மூடியை விலக்கி, தாவணி நுனியால் உள்ளேயும் துடைத்து மறுபடி செருகினேன். பஸ் கிளம்பும் சத்தமும் பிளாப்பி ஓடும் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. திரை எட்டாவதைக் கேட்டது. எடுத்தேன். அதில் சந்தனத்தோடு குங்குமமும் இருந்தது.