மூன்று கிண்ணம் ராமென், ஒரு டம்ளர் காபி

சனிக்கிழமை காலை 9.40. வலங்கைமானில் நானும் என் மனைவி மல்லிகாவும் கும்பகோணம் டவுன் பஸ் ஏறினோம். பத்து கிலோமீட்டர். மல்லிகாவுக்கு இலவசம், எனக்குப் பத்து ரூபாய். முப்பது வருடம் இந்தத் தடத்தில் டிக்கெட் கிழித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். கண்டக்டர் தம்பிக்கு என்னைத் தெரியும்.

"எங்கண்ணே கெளம்பிட்டீங்க?"

"ராமென் சாப்பிட."

"ராமன் கடையா? அப்ப ராமசாமி கோயில்கிட்ட எறங்குங்க."

மல்லிகா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெல் விளையும் ஊரில் பிறந்தவன், அறுபத்திரண்டு வயதில் ஜப்பான் நூடுல்ஸ் தேடி அலைகிறேன் என்றால் காரணம் எங்கள் மகன் எழில். ஜப்பானில் இன்ஜினியர். அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்து முடிவு செய்துவிட்டான். அடுத்த மாதம் கல்யாணம், எங்களுக்கு விமான டிக்கெட் வந்துவிட்டது. பெண்ணின் அப்பா ராமென் கடை வைத்திருக்கிறார். நாங்கள் போய் இறங்கியதும் முதல் சாப்பாடு அவர் கடையில்தான்.

போனில் எழில் சொன்னான்: "அப்பா, அதைச் சத்தமா உறிஞ்சித்தான் சாப்பிடணும். சத்தமே வரலன்னா நமக்குப் பிடிக்கலையோன்னு நெனச்சுக்குவாரு. ஒரு நாலு தடவ பழகிட்டு வாங்கப்பா."

இதைச் சொன்னது யார்? பதினெட்டு வருடம் முன்பு, தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கும்போது, நண்பர்கள் நாலு பேர் முன்னால், ஓட்டலில், "சத்தம் போடாம குடிங்கப்பா, அசிங்கமா இருக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன அதே பிள்ளை. நான் குடித்தது வெறும் காபி.

என் அப்பா பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். வரப்பில் நின்றபடியே சுடுகஞ்சியைச் சர்ரென்று உறிஞ்சிவிட்டு மறுபடி சேற்றில் இறங்க வேண்டும். ஆற வைத்துக் குடிக்க யார் அவருக்கு நேரம் கொடுத்தார்கள்? அந்தச் சத்தம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. எழில் சொன்ன அன்றோடு விட்டேன். அன்றிலிருந்து காபியை ஆறவைத்து, உதட்டை நனைத்து நனைத்துத்தான் குடிக்கிறேன். கும்பகோணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறிப்போன காபி குடிக்கிற ஒரே மடையன் நானாகத்தான் இருப்பேன்.

பகல் 11.15. கும்பகோணம், மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கடை. ராமென் 180 ரூபாய். வந்தது என்ன தெரியுமா? பாக்கெட் நூடுல்ஸ், மேலே கோபி மஞ்சூரியன் குழம்பு, அதன் மேல் கொத்தமல்லி. சரி, பழகத்தானே வந்தோம் என்று வாயைக் குவித்து இழுத்தேன். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன், மூக்கில் ஏறியது.

"ஊதுறீங்களா, உறிஞ்சுறீங்களா?" என்றாள் மல்லிகா.

"நீதான் உறிஞ்சிக் காட்டேன்."

"எனக்கென்ன, என்னை யாரும் ஒண்ணும் சொல்லல" என்று அவள் சர்ரென்று ஒரு இழுப்பு இழுத்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

பிற்பகல் 2.30. தஞ்சாவூர். நாற்பது கிலோமீட்டர், ஜன்னல் ஓரம், வழி நெடுக ரோட்டில் பாதியை அடைத்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. மெடிக்கல் காலேஜ் ரோட்டில் குளிர்சாதனக் கடை; ராமென் 320 ரூபாய். இங்கே முட்டையைப் பாதியாக வெட்டி வைத்து, குச்சியும் கொடுத்தார்கள். குச்சியோடு போராடிவிட்டு முள்கரண்டி கேட்டு வாங்கினேன். பக்கத்து மேசையில் கல்லூரிப் பிள்ளைகள். அதில் ஒருத்தன் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான், தலையைக் குனிந்துகொண்டேன். அவன் வேறு எதையாவது பார்த்திருக்கலாம். நான் ஒவ்வொரு இழையாக, வாயை மூடி, சத்தமில்லாமல் தின்று முடித்தேன். சூப் ஒரே உப்பு.

"வேண்டாம் மல்லிகா, நீ மட்டும் போயிட்டு வா" என்றேன் வெளியே வந்து.

"பெத்த புள்ள கல்யாணத்துக்கு நான் மட்டும் போய் நிக்கணுமா? நாளைக்கு வேளாங்கண்ணி. அங்க ஒருத்தர் ஜப்பான்ல இருந்து வந்து கடை போட்டிருக்காராம். பேசாம வாங்க."

ஞாயிறு பகல் 12.10. வேளாங்கண்ணி. வலங்கைமானிலிருந்து திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் மாறி, சுமார் எழுபது கிலோமீட்டர். கடற்கரைக்குப் போகும் சந்தில் ஆறு மேசைக் கடை. நடத்துகிற பாய் நாகூர்க்காரர். ஜப்பானில் எட்டு வருடம் ஓட்டல் சமையல் வேலை பார்த்தவர். ராமென் 220 ரூபாய். கோழி எலும்பைக் காலை ஆறு மணியிலிருந்து கொதிக்கவிட்ட சூப். வாசனையிலேயே தெரிந்தது, இது வேறு. மல்லிகா எங்கள் கதையைச் சொன்னாள்.

"உறிஞ்சுங்க சார்" என்றார் பாய். "சூடா இருக்கறப்பவே சாப்பிடணும்னா காத்தையும் சேத்து இழுத்துத்தான் ஆகணும். அதான் சத்தம். ஆற வச்சா நூடுல்ஸ் ஊறிக் கெட்டுப்போயிடும்."

என் அப்பா செய்ததும் அதுதானே! கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். சர்ர்ர்ர்! கடையே திரும்பிப் பார்த்தது. பாய் கை தட்டினார். இன்னொரு இழுப்பு. சொன்னால் நம்ப மாட்டீர்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மிளகாயால் இல்லை. மல்லிகா போனில் படம் பிடித்து எழிலுக்கு அனுப்பினாள்.

பாய்க்கு நன்றி சொல்லிக் கிளம்பும்போது பதில் வந்தது. மல்லிகா வாசித்தாள்: "சூப்பர்ப்பா! ஆனா ராமெனுக்கு மட்டும்தான் அப்படி. ஃப்ளைட்ல, ஹோட்டல்ல காபி குடிக்கறப்ப வேணாம். ப்ளீஸ்."

அவள் அதை மெதுவாகத்தான் வாசித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் மாமனார் கடை வரைக்கும் என் சத்தத்துக்கு அனுமதி. அதைத் தாண்டினால் நான் மறுபடி அசிங்கம்.

பிற்பகல் 1.30. வேளாங்கண்ணி பேருந்து நிலையம், டீக்கடை. காபி பதினைந்து ரூபாய். ஆவி பறந்தது.

"ஆறட்டும்ங்க" என்றாள் மல்லிகா.

"போனைக் கொடு."

வாட்ஸ்அப்பில் எழில் பெயரை எடுத்து, வாய்ஸ் மெசேஜ் பட்டனை அழுத்திப் பிடித்து, போனை டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினேன். சர்ர்ர், சர்ர்ர் என்று டீக்கடை முழுக்கக் கேட்டது. விரலை எடுத்தேன், போய்விட்டது.

"அனுப்பிட்டீங்களா?" என்றாள்.

"அனுப்பிட்டேன். கல்யாணத்துக்கு வரேன். ராமெனும் இப்படித்தான், காபியும் இப்படித்தான். வேணாம்னா அவனே டிக்கெட்டக் கேன்சல் பண்ணட்டும்."

நாகப்பட்டினம் வருவதற்குள் இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. திருவாரூர் தாண்டியும் பதில் இல்லை. மல்லிகா போனை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் பார்க்கவில்லை. பதினெட்டு வருடம் கழித்துச் சுடச்சுடக் குடித்ததில் நாக்கு வெந்துபோயிருந்தது.