தூக்குவாளிக்கு எத்தனை?

என் கல்யாணத்துக்கு ஆள் பேசும் வேலை எனக்கே வந்து சேர்ந்தது. அப்பா இல்லை, அண்ணன் திருப்பூரில். பெண் வீட்டில் எல்லோரும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். தீபாவளி சீசனில் அவர்களுக்கு ஞாயிறு மட்டுமே மிச்சம். ஆகவே இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஓர் ஆவணி மாதம், நாட்குறிப்பும் பேனாவுமாக எங்கள் விருதுநகருக்கும் அவர்களுடைய ஏழாயிரம்பண்ணைக்கும் பஸ்ஸில் அலைந்தேன். மண்டபம் அவர்கள் ஊரில். புதன்கிழமை, முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. பஞ்சாங்கத்தை மூன்று முறை பார்த்துக் குறித்த நேரம். பத்திரிகை அடித்துக் கொடுத்தும் ஆயிற்று.

முதலில் சமையல்காரர். பந்திக்கு எத்தனை இலை என்று வாசித்துக் காட்டினேன். "இலைக்கு இம்புட்டு, சரி. தூக்குவாளிக்கு எத்தனை?" என்றார்.

புரியவில்லை. மிஞ்சும் சோற்றை யாரோ வீட்டுக்கு எடுத்துப் போவதைச் சொல்கிறார் என்று நினைத்து, அதெல்லாம் தேவைப்படாது என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். காலை ஆறு மணிக்குச் சோறு இறக்கிவிடுவதாகத் தானாகவே சொன்னார். ஆறு மணிக்கு யார் சோறு தின்பார்கள்? இட்லி என்று திருத்தி எழுதிக்கொண்டேன்.

வீடியோக்காரர் விடியற்காலை நாலு மணிக்கே லைட் கட்டிவிடுவாராம். மேளக்காரர் முந்தின நாளே வந்து மண்டபத்தில் படுத்துக்கொள்வாராம். ஒவ்வொருவரிடமும் பத்திரிகையை நீட்டி, ஒன்பது மணியைத் தொட்டுக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் தான் சொன்ன நேரத்தை மாற்றவில்லை. வேறு யாருடைய கல்யாணத்தையோ பேசிக்கொண்டிருக்கிறேனோ என்று சந்தேகமே வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு மாமனாரிடம் போய், நான் எழுதி வைத்திருந்ததையெல்லாம் வாசித்தேன்.

"பத்திரிகையில போட்டது வெளியூர்க்காரகளுக்குன்னு நெனச்சிருப்பாக, மாப்ள. சீசன்ல இங்கன விடியுமுன்னதான் தாலி கட்டுவாக. ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வந்துரும்."

இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"மாப்ள வீட்டுல குறிச்ச நேரம். நாங்க எப்படிச் சொல்ல? எட்டு வருசமா எம் மககூடக் கம்பெனில ஒரே ரூம்ல இருந்து திரி சொருகுன பொம்பளைக. அவகள்ல ஒருத்தியும் தாலி கட்டுறதப் பாக்க முடியாதேன்னு எம் மக சரியாச் சாப்பிட மாட்டேங்கா. உங்ககிட்ட கேக்கவும் மாட்டா."

பஞ்சாங்கத்தில் அதே புதன்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரையும் நல்ல நேரம் இருந்தது. என் சொந்தக்காரர்களுக்கு அந்நேரம் பஸ் கிடையாது என்று நானே அதைக் கோடு போட்டு அடித்திருந்தேன். இப்போது யாருக்காக எதை அடிப்பது? பஸ் வரும்வரை நிழற்குடையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பஸ்ஸை விட்டுவிட்டுச் சமையல்காரரிடம் போனேன். தூக்குவாளிக்கு எத்தனை என்று அவரையே சொல்லச் சொன்னேன்.

"தனக்கு எப்பக் கல்யாணம்னு மாப்ளைக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு" என்று அடுப்படிப் பக்கம் திரும்பிச் சொன்னார்.

ஐந்து பத்துக்குத் தாலி கட்டினேன். மேடையைச் சுற்றிலும் நூல் சேலை கட்டிய பெண்கள். நைலான் உடுத்தினால் தீப்பிடிக்கும் என்று வெடிமருந்து ரூமுக்குள் விடமாட்டார்கள். அட்சதை போட்ட கையோடு வரிசையில் நின்று தூக்குவாளியில் மதியத்துக்குச் சோறும் சாம்பாரும் வாங்கிக்கொண்டார்கள். ஏழு மணிக்கு வேன் ஹாரன் அடித்தது. மாலையும் பட்டுச்சேலையுமாக அவள் வாசல்வரை போய், வேன் திரும்பி மறையும் வரை நின்றாள்.

ஒன்பது மணிக்கு என் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். மேளக்காரர் புதிதாகத் தொடங்குவதுபோல் மறுபடி வாசித்தார். நாங்கள் மறுபடி மாலை மாற்றிக்கொண்டோம். பெரியம்மா அவள் கழுத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கட்டி முடிச்சுட்டு எங்களை எதுக்குலே கூப்பிட்ட?"

வேனைப் பற்றிச் சொன்னேன். நேராகப் பந்திக்குப் போனார். கிளம்பும்போது, வராத பெரியப்பாவுக்குக் கொஞ்சம் சோறு கட்டித்தரச் சொல்லிக் கேட்டார். சமையல்காரர் கவிழ்த்து வைத்த அண்டாவைக் காட்டி, எல்லாம் வேனில் போய்விட்டது என்றார்.